பொருட்டுணை தெரிதல்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஈண்டு யாம் பேசப் புகுவது பொருளீட்டும் வகையன்று. ஈட்டிய பொருளைக் குறித்து யாரிடம் யோசனை கேட்பது என்பதேயாம். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு இதிற் பேச யாது உரிமை என்று சிலர் நகைத்தல் கூடும். சொல்லுக்குப் பொருள் காண்பது எம் தொழில். 'ஆலோசகர்' என்னும் ஒரு சொல்லை இந்நாளில் எத்தனை திறத்தார் சூடிக்கொண்டிருக்கின்றனர் என்று காட்டுதல் அத்தொழிலுக்குப் புறம்பன்று.

பல்வலி உற்றவர் கண் வைத்தியரிடம் செல்வதில்லை. பணத்தின் திறத்திலோ எல்லாரையும் ஒருவராகவே கருதுகின்றோம். வருமான வரிக்கும் கணக்குத் தணிக்கைக்கும் உரியவர் ஆடிட்டர். உயிலுக்கும் பாகப்பிரிவினைக்கும் உரியவர் வக்கீல். இவ்விருவர் வேலையும் நமக்கு ஒருவாறு தெரியும். மயக்கம் விளைவது ஏனைய மூவரிடத்தேயாம்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு சட்டப்படி கம்பெனியின் ஆள். நம் ஆள் அல்லர். மியூச்சுவல் பண்டு விநியோகஸ்தர் தமக்கென ஒரு பதிவு எண் பெற்று, பண்டுக் கம்பெனி தரும் கமிஷனால் வாழ்பவர். மூன்றாமவர் செபி என்னும் அமைப்பின் 2013-ஆம் ஆண்டு விதிகளின் கீழ்ப் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர். இவர் நம்மிடம் கட்டணம் பெறுவார். தாம் யோசனை கூறும் பொருள்களுக்காகக் கமிஷன் பெறலாகாது. நம் வயது, வருவாய், கடன், இழப்பைத் தாங்கும் ஆற்றல் ஆகியவற்றை முதற்கண் ஆராய்தலும், எழுத்தில் ஒப்பந்தம் செய்தலும் அவர் கடமை.

ஏஜெண்டுத் தொழில் இழிந்தது என்பது எம் கருத்தன்று. இம்மண்டபத்திலேயே அத்தொழிலினர் பலர் உளர். பாரம் நிரப்பி, தவணை நாளை நினைவூட்டி, மரணம் நேர்ந்த வீட்டிற்கு முதல் ஆளாய் வந்து, பணம் பெற்றுத்தரும் உத்தமர்களை யாம் அறிவோம். அவர் செய்யும் உதவிக்கு ஊதியம் வேண்டாமா? வேண்டும். அவ்வூதியம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அறிந்திருத்தலும் வேண்டும்.

ஒரு கணக்குச் சொல்வாம். 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு மியூச்சுவல் பண்டும் இருவகையாகக் கிடைக்கிறது. ஒன்று விநியோகஸ்தர் வழியாக வாங்குவது. மற்றொன்று 'டைரக்ட்' எனப்படும் நேர்வகை. கமிஷன் இன்மையால் நேர்வகையிற் செலவு குறைவு. அவ்வேற்றுமையை ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்று கொள்வோம். 10 இலட்சம் ரூபாய் 20 ஆண்டுகளில், நூற்றுக்குப் பதினொன்று வளரின் ஏறக்குறைய 80 இலட்சத்து 62 ஆயிரமாகும். பத்து வளரின் 67 இலட்சத்து 27 ஆயிரமாகும். இவ்வளர்ச்சி வீதம் கணக்கின்பொருட்டு யாம் கொண்டதேயன்றி எவரும் உறுதி கூறக்கூடியதன்று. எனினும் அந்த 'ஒன்று' என்னும் எண்ணின் விலை 13 இலட்சத்திற்கு மேல் ஆதல் காண்க. அத்தொகைக்கு ஈடான துணை கிடைத்ததெனில் மகிழ்க, கிடைக்கவில்லையெனிற் கேளுங்கள்.

திருவள்ளுவனார் 'தெரிந்து தெளிதல்' என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அன்பு ஒன்றே பற்றி ஒருவரை நம்பிவிடுதல் கூடாது என்பதும் அதனுள் அடங்கும். நமக்கோ, 'நம்மவர்' என்னும் ஒரு சொல் போதும், கையெழுத்து இட்டுவிடுகின்றோம். நம் குடும்பங்களுள் ஒன்றில், கணவரை இழந்த அம்மையார் ஒருவர்க்கு 18 இலட்சம் ரூபாய் வந்து பாங்கியிற் சேர்ந்தது. அங்கிருந்த உத்தியோகஸ்தர் நம்மவர். 'அக்கா' என்றே அழைப்பார். வைப்புநிதி என்று எண்ணி அம்மையார் ஒப்பமிட்டது, பங்குச்சந்தையோடு பிணைந்த ஆயுள் பாலிசி. ஆண்டுதோறும் 3 இலட்சம் கட்டவேண்டுவது. மறு ஆண்டு அறிவிப்பு வந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. வருவாய் ஏதுமில்லாதவர் எங்ஙனம் கட்டுவார்? நிறுத்திவிட்டாலோ, அவ்வகைப் பாலிசியில் 5 ஆண்டு கழியுமுன் பணம் கைக்கு வாராது. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு நகை அடகுக்குப் போயிற்று. பத்திரம் கைக்கு வந்த 30 நாளைக்குள் பாலிசியைத் திருப்பித்தரும் உரிமை உண்டு என்பதை அவருக்கு எவரும் சொன்னாரில்லை.

ஆதலின் எவர் யோசனை கூறவரினும், "தங்களுக்கு ஊதியம் தருபவர் யார்?" என்று முதலிற் கேட்க. இது மரியாதைக் குறைவன்று. நேர்மையாளர் நேரே விடை கூறுவர். முகம் சுளிப்பவரை விட்டு நீங்குக. வளர்ச்சி இத்துணை என்று உறுதி சொல்பவரையும் அவ்வாறே விடுக. பதிவு பெற்ற ஆலோசகரின் எண் 'ஐ.என்.ஏ.' என்னும் எழுத்துக்களுடன் தொடங்கும். வாட்ஸாப்பில் அனுப்பப்படும் சான்றிதழை நம்பாது, செபியின் இணையதளத்திற் பெயரையும் எண்ணையும் ஒத்துப்பார்க்க. கட்டணத்தை ரொக்கமாகக் கொடுத்தல் ஆகாது. முதலீட்டுப் பணத்தை அவர் கணக்கிற் செலுத்துதல் அறவே ஆகாது.

கட்டணம் மிகுதியன்றோ எனின், நிலைக்கட்டண முறையில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய் என்பது விதித்த உச்சவரம்பு. அதனினும் மிகக் குறைந்த தொகைக்கு ஒருமுறைத் திட்டம் வகுத்துத் தருவாரும் உளர். எல்லார்க்கும் ஆலோசகர் வேண்டும் என்பதில்லை. மாதம் இரண்டாயிரம் சேமிக்கும் இளைஞர்க்கு எதற்கு? ஓய்வு பெற்றுப் பெருந்தொகை ஒருங்கே பெற்றார், கணவரை இழந்தார், நிலம் விற்றார் ஆகியோர்க்கே இது பெரிதும் வேண்டப்படுவது. அவர்களும் அவசரப்படற்க, பெருந்தொகை ஒரு திங்கள் சேமிப்புக் கணக்கிற் கிடப்பதால் எவரும் கெட்டாரில்லை. ஒரே பாங்கியில் 5 இலட்சம் வரையே வைப்புக்குக் காப்புறுதி உண்டு என்பதை மாத்திரம் நினைவிற் கொள்க.

வரும் ஞாயிறு காலை யாம் சங்கக் கட்டிடத்தில் இருப்போம். பாலிசிப் பத்திரம் வைத்திருப்போர் கொணர்க. உடனிருந்து படித்துப் பொருள் கூறுவோம். சென்ற ஒரு திங்களுக்குள் பத்திரம் பெற்றவர் முதலில் வருக.