முழுதும் மூடாத கதவு



யப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வந்துள்ள வான்கள் பலவற்றில், பொத்தானை அழுத்தினால் பக்கக் கதவு தானே வழுக்கிச் சென்று மூடிக்கொள்கின்றது. அக்கதவு ஒருநாள் முழுதும் மூடாமல், ஒரு விரற்கடை இடைவெளியோடு நின்றுவிட்டால் யாது செய்வது? ஓங்கித் தள்ளுவார் சிலர். மோட்டாரையே மாற்றிவிடத் துணிவார் வேறு சிலர். இரண்டுக்கும் முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. கதவு எந்த இடத்தில் நிற்கின்றது? குறை இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் அந்த விடையே காட்டிவிடும்.

கதவின் அமைப்பைச் சற்று நோக்குவோம். மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என மூன்று ஓடுதடங்களில் சிறு உருளைகள் கதவைத் தாங்கி ஓடுகின்றன. ஒரு மோட்டார் கம்பிவடத்தால் இழுத்துக் கதவைக் கொண்டுவருகின்றது. கதவிலுள்ள கவ்வி, வாகனச் சட்டத்திலுள்ள வளைந்த இரும்புக் கொண்டியைப் பற்றுகின்றது. இப்பற்றுதல் இரு படியாக நிகழ்வது. முதற்படி அரைப் பூட்டு. அடுத்தது முழுப் பூட்டு. அரைப் பூட்டு விழுந்ததை உணர்ந்ததும், வேறொரு சிறு மோட்டார் விழித்தெழுந்து, எஞ்சிய சிறு தூரத்தை இறுக்கி இழுக்கின்றது. ஆகவே, கொண்டுவருபவர் ஒருவர், இறுக்குபவர் இன்னொருவர். தவறியவர் எவர் என்பதே நாம் அறியவேண்டுவது.

முதற் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். மின்கதவின் பிரதான சுவிற்சை நிறுத்திவிட்டுக் கதவைக் கையால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். கனத்து இழுபட்டால் குறை மின்சாரத்தில் இல்லை. ஓடுதடத்திலோ உருளையிலோ இருக்கின்றது. பிள்ளைகள் ஏறி இறங்கும் வாகனமாயின், கீழ்த்தடத்தில் மணலும் கடலைக் கோதும் பென்சில் துண்டும் கிடப்பது வியப்பன்று. தூரிகையாலும் துணியாலும் துடைத்தெடுங்கள். தடித்த கிறீசை அங்கே அள்ளிப் பூசவேண்டாம். அது புதிய மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கையால் இலகுவாக ஓடும் கதவு, மோட்டாரால் வரும்போது பாதிவழியில் திரும்பிச் செல்கின்றதா? கதவின் விளிம்பில் தொடுகையை உணரும் மென்பட்டி இருப்பின், அது கிழிந்தோ நசிந்தோ உள்ளதா என்று பாருங்கள். பின்னர், இயந்திரத்தை இயக்கிக்கொண்டு மறுபடியும் மூடிப் பாருங்கள். அப்போது ஒழுங்காக மூடுமாயின் பற்றரியையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறக்குறைய 12.6 வோல்ற்று காட்டும். பற்றரியைக் கழற்றிப் பூட்டியபின் இக்குறை தோன்றியிருந்தால், கதவைக் கையால் முழுதும் மூடி, கைந்நூல் கூறும் முறைப்படி அதன் நினைவைப் புதுப்பித்தல் வேண்டும்.

இனி, இறுதி விரற்கடையில் நிற்கும் கதவுக்கு வருவோம். இங்கே கண்ணைவிடச் செவியே நல்ல துணை. கதவு வந்து சேர்ந்ததும் சிறு மோட்டாரின் முனகல் கேட்கின்றதா? கேட்டும் கதவு இறுகாவிடின், இழுக்கும் பொறி தேய்ந்திருக்கலாம். அல்லது கதவைச் சுற்றியுள்ள றப்பர் மடிந்து தடுத்துக்கொண்டிருக்கலாம். முனகலே இல்லையெனில், கதவு அரைப் பூட்டை எட்டவில்லை, அல்லது அம்மோட்டாருக்கு மின்சாரமோ கட்டளையோ கிடைக்கவில்லை. இவற்றைப் பிரித்தறிய, உள்ளங்கையால் வெளிப்புறத்திலிருந்து அழுத்துங்கள். கதவு முழுதும் பூட்டிக்கொண்டால் கவ்வியும் கொண்டியும் நலமே. இறுக்கும் பொறியைச் சோதிக்க வேண்டும். அழுத்தியும் பூட்டாவிடின், கொண்டி இடம்பெயர்ந்திருக்கலாம், உருளை தேய்ந்து கதவு தாழ்ந்திருக்கலாம், கவ்வியில் பழைய கிறீஸ் உறைந்திருக்கலாம். கொண்டியின் ஒருபக்கத்தில் மட்டும் புதிதாய் உராய்ந்த தழும்பு தெரிந்தால், கதவு நேராக வந்து பொருந்தவில்லை என்பது தெளிவு. கொண்டியைத் தளர்த்துமுன் அதன் பழைய இடத்தைக் கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கதவு நன்றாகப் பூட்டிய பின்பும் எச்சரிக்கை விளக்கு அணையாதிருந்தால், குறை பூட்டினுள்ளிருக்கும் சுவிற்சிலோ அதன் கம்பியிலோ இருத்தல் கூடும்.

காலைதோறும் பாடசாலை வாயிலில் வான்கள் வந்து நிற்பதைக் காண்பவன் என்ற முறையில் ஒன்றை வற்புறுத்த விரும்புகின்றேன். அரைப் பூட்டில் நிற்கும் கதவு பார்வைக்கு மூடிய கதவாகவே தோன்றும். அதன்மேல் சாய்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் வகுக்கப்பட்ட வாகனங்களுக்கான உலகத் தொழில்நுட்ப விதிகளுள், 2004 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட முதலாவது விதியே கதவுப் பூட்டுக்களைப் பற்றியதாகும். விபத்தில் கதவு திறந்து வெளியே வீசப்படுவோர் உயிரிழக்கின்றனர் என்பதை நினைத்தால், அதன் காரணம் விளங்கும்.

ஆதலால், எச்சரிக்கை விளக்கு எரிய வாகனத்தை ஓட்டாதீர்கள். கதவைக் கயிற்றாற் கட்டிப் பயணஞ் செய்யாதீர்கள். தொடுகைப் பட்டி தொல்லை தருகின்றதென்று அதன் இணைப்பைத் துண்டிக்காதீர்கள். பிஞ்சு விரலைக் காப்பது அதுவே. சோதிக்கும்போது கவ்வியினுள் விரலை நுழைக்கவும் வேண்டாம். இறுக்கும் மோட்டாருக்கு இரும்பும் விரலும் ஒன்றுதான்.

கதவு நிற்கும் இடத்தையும், அப்போது எழும் ஒலியையும், கையால் நகர்த்தியபோது கண்டதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு திருத்துநரிடம் செல்லுங்கள். அவர் தேடும் நேரம் குறையும். நல்ல மோட்டாரை மாற்றும் வீண்செலவும் உங்களுக்கு நேராது.