மோட்டார் சைக்கிளும் அன்றாடச் சுமையும்



நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அதன் வேகத்தைப் பற்றியோ, புதிது புதிதாக வரும் மாடல்களைப் பற்றியோ அல்ல. அதன் மேல் எதை ஏற்றுகிறோம், எந்த இடத்தில் ஏற்றுகிறோம், எப்படி உட்காருகிறோம் என்பதே இன்றைய பொருள். கேட்பதற்குச் சிறிய விஷயம். ஆனால் நம் பிள்ளைகளின் காலும் தலையும் இதில் அடங்கியிருக்கின்றன.

பேராக் மாநிலத்தில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயன் வீடுகளில் வாழ்ந்தவர்கள் ஈப்போவின் புந்தோங், சிலிபின் போன்ற இடங்களுக்குக் குடிவந்தார்கள். பல இடங்களில் பள்ளிக்கூடம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. முன்பு நடந்தே பள்ளிக்கு வந்த பிள்ளை, இன்று அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வருகிறது. தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் நான் காலைதோறும் பார்ப்பது இதுதான்: முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, ஹேண்டலில் இரண்டு புத்தகப்பை, நடுவில் அப்பா. வேனுக்குக் கொடுக்கப் பணம் போதாத வீடுகள் உண்டு என்பதை அறிவேன். ஆகவே யாரையும் குறை சொல்ல இங்கே வரவில்லை. இருக்கும் வண்டியை எப்படி நல்ல முறையில் பயன்படுத்தலாம் என்றுதான் சொல்ல வந்தேன்.

நாம் 'காப்சாய்' என்று அழைக்கிறோமே, அந்தச் சிறிய வண்டியின் மூலம் 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப். கடை கண்ணிக்குச் சாமான் கொண்டுபோகிறவர்களையும் மனத்தில் வைத்தே அது அமைக்கப்பட்டது. எஞ்சின் தாழ்வாக இருக்கும். இருக்கைக்கும் ஹேண்டலுக்கும் நடுவே காலை நுழைத்து ஏறலாம். கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. 2017ஆம் ஆண்டுக்குள் அந்த வகை வண்டிகள் 10 கோடி செய்யப்பட்டுவிட்டன. நம் நாட்டில் கெடா மாநிலம் குருனில் 1996 முதல் செய்யப்பட்ட மொடெனாஸ் கிரிஸ் வண்டியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. எஞ்சினைத் தாழ்வாக வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள். நாம் ஏற்றும் சுமைக்கும் அதே காரணம் பொருந்தும்.

இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம் பெற்றோர் தோளில் காண்டாக் கம்பைப் போட்டு, இரு பக்கமும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு நடந்தார்கள் அல்லவா? ஒரு வாளியில் பால் கூடிவிட்டால் தோளைச் சற்று அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வார்கள். இல்லையேல் கம்பு சாய்ந்துவிடும். மோட்டார் சைக்கிளும் ஒரு காண்டாக் கம்புதான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வண்டியின் இரு சக்கரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் இருக்கும். 20 கிலோ சுமையைச் சரியாக நடுவில் வைத்தால் முன் சக்கரம் 10 கிலோவும் பின் சக்கரம் 10 கிலோவும் தாங்கும். அதே சுமையைப் பின் சக்கரத்தின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால், கேரியரின் கடைசியில் கட்டினால் என்ன ஆகும்? பின் சக்கரம் 25 கிலோவைத் தாங்கும். முன் சக்கரத்திலிருந்து 5 கிலோ குறைந்துவிடும். முன் சக்கரம் லேசானால் ஹேண்டல் நாம் சொன்னபடி கேட்காது. மேட்டில் ஏறும்போதும், மணல் கிடக்கும் வளைவிலும் வண்டி தடுமாறுவது இதனால்தான். ஆகவே கனமான பொருள் நடுவிலே, தாழ்விலே, உடம்புக்கு அருகிலே இருக்கவேண்டும். இதுவே முதல் விதி.

கடைக்குப் போய் 10 கிலோ அரிசி மூட்டை வாங்குகிறோம். அதைக் கேரியரின் கோடியில் கட்டுவதைவிட, கால்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் படுக்க வைப்பது நல்லது. மூட்டை பிரேக் மிதியையும் கியர் மிதியையும் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முன் கூடையில் காய்கறி, ரொட்டி போன்ற லேசான சாமான்களை வைக்கலாம். ஹேண்டலோடு சேர்ந்து திரும்பும் கூடையில் கனத்தை வைத்தால் ஹேண்டல் கனத்துப்போகும். ஹேண்டலின் ஒரு பக்கம் மட்டும் பை தொங்கவிடுவது இன்னும் ஆபத்து. அது ஊஞ்சலாடும், பிரேக் பிடியில் சிக்கும், சமயத்தில் முன் சக்கரத்திலும் போய் உரசும். சமையல் எரிவாயு விஷயம் தனி. உள்ளே 14 கிலோ வாயு. அதோடு இரும்புக் கலத்தின் எடையும் சேரும். அதைப் படுக்க வைத்து மோட்டார் சைக்கிளில் கட்டி வருவது வேண்டவே வேண்டாம். கடைக்காரரையே வீட்டுக்குக் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள்.

இந்தக் கலையை நமக்குக் கற்றுத்தரத் தெருவிலேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மோட்டாரில் ரொட்டி விற்கும் அண்ணனைக் கவனித்துப் பாருங்கள். கனமான சாமான் கீழே. காற்றுப் போன்ற ரொட்டிப் பொட்டலங்கள் மேலே. இடமும் வலமும் ஒரே அளவு. புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்று ஒரு பகுதியே இருக்கிறது. கடலையும் முறுக்கும் செய்து, சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றுக் குடும்பங்களை வளர்த்தவர்கள் வாழும் இடம் அது. முறுக்குப் பொட்டலம் எடை குறைவு, ஆனால் பருமன் பெரிது. அப்படிப்பட்ட சுமை காற்றைப் பிடிக்கும். லாரி ஒன்று பக்கத்தில் கடந்தால் வண்டியே ஆடும். அகலமான சுமையோடு போகிறவர் மெதுவாகத்தான் போகவேண்டும்.

அடுத்து, கட்டும் முறை. பழைய டியூபை அறுத்த ரப்பர் வார் நம்மிடம் எப்போதும் இருக்கும். ரப்பர் நீளும், அதுவே அதன் குணமும் குற்றமும். குலுக்கலில் வார் நீண்டுகொடுக்க, சுமை மெல்ல நகர்ந்துவிடும். முதலில் நீளாத கயிற்றால் இறுகக் கட்டி, அதன் மேல் ரப்பர் வாரைக் குறுக்காகப் போடுங்கள். வெயிலில் கிடந்து வெடிப்பு விட்ட வாரைத் தூக்கி எறியுங்கள். கொக்கி வைத்த வார் தெறித்தால் கண்ணைப் பதம் பார்க்கும். கட்டிய பிறகு தொங்கும் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். பின் சக்கரம் அந்த நுனியைத்தான் தேடும்.

இனி இருக்கைக்கு வருவோம். இருக்கை சொகுசுக்கு மட்டும் என்று நினைக்கிறோம். வலிக்கிற இடுப்போடு ஓட்டுகிறவரின் கவனம் சாலையில் நிற்காது. உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கிப்போனால் ஓட்டுகிறவர் முன்னால் சரிந்து, உடம்பின் பாரத்தை மணிக்கட்டில் தாங்குவார். கைகள் மரத்துப்போகும். மேலுறை கிழிந்திருந்தால் பிற்பகல் மழை பஞ்சுக்குள் புகுந்து ஊறும். மறுநாள் உட்காருகிறவரை நனைக்கும். இருக்கை தைக்கும் கடையில் பஞ்சையும் உறையையும் மாற்றிக்கொள்ளலாம். வழுவழுப்பான உறை வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருக்கும் பிள்ளை வழுக்கிக்கொண்டு முன்னே வரும். தூரப் பயணமானால் ஒரு மணிக்கு ஒரு தடவை இறங்கிக் காலை நீட்டி நடங்கள்.

பிள்ளைகளைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். தாய்மார்களும் தந்தைமார்களும் தயவுசெய்து கவனியுங்கள். பின்னால் உட்காரும் பிள்ளைக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: கால் மிதியை எட்டவேண்டும், கை உங்கள் இடுப்பைப் பற்ற வேண்டும், கண் விழித்திருக்க வேண்டும். கால் எட்டாத பிள்ளை காலைத் தொங்கவிடும். குதிகால் பின் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டால், நொடியில் சதை பிய்ந்துவிடும். விடியற்காலையில் எழுப்பிக் கூட்டிவரும் பிள்ளை உங்கள் முதுகில் சாய்ந்து உறங்கிவிடும். பிடி தளர்வது உங்களுக்குத் தெரியாது.

புத்தகப்பையை முதுகில் மாட்டியபடி பிள்ளையைப் பின்னால் ஏற்றாதீர்கள். அந்தப் பை இருக்கைக்கு வெளியே தொங்கும். வண்டி வெடுக்கென்று கிளம்பும்போது அது பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கும். பையைக் கழற்றி, உங்கள் கால்களுக்கு நடுவில் கொக்கியில் மாட்டுங்கள். முன்னால் நிற்க வைத்துப் பிள்ளையை ஏற்றுவதும் கூடாது. மோதினால் ஹேண்டலுக்கும் உங்கள் உடம்புக்கும் இடையே நசுங்குவது அந்தப் பிள்ளைதான். ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர் மட்டுமே ஏறலாம் என்று சட்டம் சொல்வதற்கும் நாம் போட்ட கணக்கே காரணம். மூன்றாவது ஆள் உட்காரும் இடம் பின் அச்சுக்குப் பின்னால் போய்விடுகிறது. இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு நடை போங்கள். அல்லது அக்கம்பக்கத்து வீட்டாரோடு பேசி, ஆளுக்கு ஒரு பிள்ளையாக ஏற்றிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் இந்நாட்டில் 1973 முதல் சட்டமாக இருக்கிறது. பிள்ளையின் தலைக்கு ஏற்ற அளவில் வாங்கி, வாரையும் பூட்டுங்கள்.

உடை விஷயத்திலும் கவனம் வேண்டும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, மழைக்கோட்டின் நுனி ஆகியவை பின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளக் கூடியவை. இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளின்படி, பின்னால் இருப்பவரின் உடை சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு வண்டியில் இருக்கவேண்டும். நம் வண்டிகளில் அதைப் பொதுவாகக் காண முடியாது. பட்டறையில் சொல்லி ஒரு கம்பித் தடுப்பைப் பொருத்திக்கொண்டால் சேலைக்கும் பாதுகாப்பு, பிள்ளையின் குதிகாலுக்கும் பாதுகாப்பு.

கடைசியாக டயர். இருவர் போகும்போது பின் டயருக்குக் காற்றுக் கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதை வண்டியில் ஒட்டியிருக்கும் தாளிலோ கையேட்டிலோ பாருங்கள். சுமை கூடினால் வண்டி நிற்கும் தூரமும் கூடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கைத் தொடுவதற்கு முந்தைய ஒரு வினாடியிலேயே வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும்.

2019ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் மாண்டார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எல்லாம் சுமையால் வந்ததல்ல. ஆனால் மற்றவர் ஓட்டும் லாரியை நாம் திருத்த முடியாது. நம் வண்டியில் ஏற்றும் சுமையை நாம்தான் ஏற்றுகிறோம். நாளைக் காலை சாவியைத் திருப்புவதற்கு முன் ஒரு தடவை வண்டியைச் சுற்றி வாருங்கள். கனம் நடுவில் இருக்கிறதா, கட்டு இறுகியிருக்கிறதா, பிள்ளையின் கால் மிதியில் இருக்கிறதா என்று பாருங்கள். அரை நிமிடம்தான் ஆகும். பள்ளி மணி அதற்காகச் சற்றுக் காத்திருந்தாலும் பாதகமில்லை.