படம் எடுத்து வையுங்கள்!

(பழைய மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"ரிட்டயர் ஆகி என்னப்பா பண்றே?" என்று காலையிலிருந்து பலரும் கேட்டுவிட்டீர்கள். சென்னையில் இடிபடப் போகிற இடங்களைப் போட்டோ எடுக்கிறேன். சிரிக்காதீங்க, அதற்கு நீங்களும் ஒரு காரணம்!

1977-ல் பழைய பாடப்புத்தகம் வாங்க மூர் மார்க்கெட் போனோமே, ஞாபகம் இருக்கா? கையில் இரவல் ஆக்பா கிளிக் காமிரா. ஒரு சுருளுக்கு 12 படம்தான். அதில் ஒன்றில் நாம் ஏழு பேரும் தோளில் கை போட்டு நிற்கிறோம். 1900-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டிடம் நம் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அது எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தோம். 1985 மே 30-ல் தீப்பிடித்தது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம். "மூர் மார்க்கெட் எங்கே தாத்தா?" என்று பேரன் கேட்டால், என் தலைக்கு மேலே தெரியும் அரை வளைவைத்தான் காட்டுகிறேன். படத்தின் பின்னால் பெயரும் எழுதவில்லை. ஏழாவது ஆள் யார் என்று இன்னும் தகராறு!

அதனால்தான் 2008-ல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் மூடப்படுகிறது என்றதும் ஓடினேன். கட்டிடம் மட்டும் போதாது என்று அங்கேதான் புரிந்தது. கார் ஜன்னலில் மாட்டிய தட்டு, மரநிழல், ஆர்டர் எடுத்த சர்வர் எல்லாம் சேர்ந்ததுதானே அந்த இடம்! இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. அதுவும் அழகுதான். ஆனால் பழையது இப்படி இருந்தது என்று சொல்லப் படமாவது வேண்டாமா?

போட்டோ எந்தக் கட்டிடத்தையும் காப்பாற்றாது. 2006-ல் அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தை இடிக்க ஆரம்பித்தபோது, இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போய்த்தான் நிறுத்தியது. ஆனால் இழக்கப் போவது என்ன என்று நாலு பேருக்குக் காட்ட, படம்தான் கை கொடுக்கும்.

நண்பர்களே, நம் பழைய ஹாஸ்டல் மெஸ் அடுத்த ஆண்டு போகிறது. போகட்டும், ஒழுகுகிற கூரையின் கீழ் பிள்ளைகள் சாப்பிட வேண்டாம். ஆனால் இன்று மதியமே எல்லோரும் அங்கே வாருங்கள். முகப்பை எடுங்கள். உள்ளே போய் பெஞ்சு, மெனுப் பலகை, சுவரில் நாம் கிறுக்கிய பெயர்கள், பரிமாறுகிறவர்கள் எல்லாவற்றையும் எடுங்கள். தேதி, பெயர் எழுதி சங்கத்தில் கொடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தடவையாவது கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கப்பா, கட்டிடமும் தெரியட்டும்!