தோளும் நிமிர்வும்

தோள்வலிமையை விரும்பாத இளைஞர் இலர். ஆயினும், கைகளில் எடையைத் தொங்கவிட்டுத் தோளைக் காதளவு உயர்த்தி இறக்குவதே போதும் எனப் பலர் கருதுகின்றனர். அது முழுமையான பயிற்சியாகாது.

பிடரியில் தொடங்கி, இரு தோள்களுக்கும் பரவி, நடுமுதுகைக் கடந்து இறங்குவது சரிவகத் தசை. அதன் மேற்பகுதி தோளை உயர்த்தும். நடுப்பகுதி தோட்பட்டை எலும்புகளைப் பின்னோக்கி இழுக்கும். கீழ்ப்பகுதி அவற்றைத் தாழ்த்திப் பிடிக்கும். இவை ஒத்துழைத்தாலன்றிக் கையைத் தலைக்குமேல் செவ்வனே உயர்த்த இயலாது. மேற்பகுதியை மட்டும் பெருக்கினால் கழுத்து குறுகித் தோன்றும், தோள் இறுகும்.

புத்தகத்தின்மீதும் கைப்பேசியின்மீதும் நெடுநேரம் குனிந்திருக்கும் உங்களுக்கு, ஏனைய இரு பகுதிகளுமே பெரிதும் பயிற்சி வேண்டுவன. தண்டால் எடுப்பவர், அதற்கு ஈடாகக் கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கவேண்டும். குனிந்து நின்று எடையை இடுப்பு நோக்கி இழுத்துத் தோட்பட்டைகளை நெருக்குவதும் நன்று. பஸ்கி கால்களுக்கு உரமூட்டும். பள்ளிப் பருவத்தினர் வாரத்தில் 3 நாளேனும் தசைகளை வலுவாக்கும் பயிற்சி செய்யவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது.

படிக்கும்போது இடையிடையே எழுந்து நில்லுங்கள், தோள்களைத் தளர்த்துங்கள். நோவு கண்டால் எடையைக் குறையுங்கள். உடல் முழுதும் ஒருங்கே வளர்ந்தால் நிமிர்வு தானே வரும்.