கீரனூரில் ஒரு குட்டிக் கடல்

கீரனூரிலிருந்து கடல் தூரம்தான். ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் மீன்தொட்டிக் கடலுப்பைக் கரைத்தால் வீட்டுக்குள்ளேயே கடல்நீர் தயார். சமையல் உப்பு ஆகாது.

100 லிட்டர் தொட்டிக்கு எத்தனை மீன்? இரண்டு கோமாளி மீன், ஒரு சின்ன கோபி மீன். அவ்வளவே போதும். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண்கள். பெரியது பிறகு பெண்ணாகும். அதனால் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக வாங்கினால் ஜோடி எளிதில் சேரும். டாம்சல் மீன் மலிவுதான், ஆனால் ஒரு கல் இடுக்கைத் தனதாக்கிக்கொண்டு, பக்கத்தில் வருவதையெல்லாம் விரட்டிக் கடிக்கும். துடுப்பு கிழிந்த மீன் மூலையில் ஒதுங்கி இரையெடுக்காமல் கிடக்கும். நீல டாங் மீன் ஓரடி வரை வளரும். அதைச் சின்னத் தொட்டியில் அடைப்பது கொடுமை.

மீன் கழிவில் வரும் அம்மோனியாவை முறிக்கும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது.

மண்டபம் என்ற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறது. பண்ணையில் பிறந்த மீன் தொட்டித் தீனிக்குச் சீக்கிரம் பழகும்; அதையே கேட்டு வாங்குங்கள். மன்னார் வளைகுடாக் கடல்குதிரையையும் பவளத்தையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.