வழி நடக்கும் உரிமை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மலைநடைக் குழுவின் சார்பில் இவ்வாண்டு நாம் பேச வேண்டுமெனச் செயலாளர் பணித்தார்கள். அகத்தியர் கூடத்தின் எழிலையும் அங்குள்ள மூலிகைகளின் சிறப்பையும் முன்னை ஆண்டுகளில் அன்பர்கள் நன்கு எடுத்துரைத்துள்ளனர். ஆகவே, அவ்வழியில் நடப்போரைப் பற்றிச் சில சொல்லலாமென எண்ணுகின்றோம். ஒரே பாதையில் இருவர் நடக்கின்றனர். ஒருவருக்கு அது இன்பச் செலவு. மற்றவருக்கு நெஞ்சில் ஒரு சுமையோடு செல்லும் பயணம். இவ்வேற்றுமை எங்கிருந்து வருகின்றது என்பதே நம் பேச்சின் பொருள்.

கேரள மண்ணில் நின்று இதனைப் பேசுவோர் வைக்கத்தை மறந்து பேசுதல் இயலாது. 1924 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள், வைக்கம் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த வீதியில் நடப்பதற்காக மூன்று தொண்டர்கள் சென்றனர். குஞ்ஞாப்பி என்பார் புலையர், பாகுலேயன் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் நாயர். காவலர் அவர்களை நிறுத்திச் சாதி கேட்டனர். நாயர் போகலாம், ஏனைய இருவரும் போகலாகாது என்றனர். தோழர்களை விட்டுத் தாம் மட்டும் போவதற்கில்லை என்றார் பணிக்கர். மூவரும் சிறைப்பட்டனர்.

அப்போராட்டத்தில் தந்தை பெரியார் இருமுறை சிறை புகுந்ததையும், நாகம்மையார் வந்து பணியாற்றியதையும் நம் சங்க மேடையிலே பலமுறை கேட்டிருக்கின்றோம். முதல்நாள் நிகழ்ச்சியை அவ்வளவாகக் கேட்டதில்லை. ஆயினும் நமக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகின்றது. பணிக்கருக்கு அவ்வீதி என்றும் திறந்தே இருந்தது. யாரோடு வந்தார் என்பதனாலன்றோ அன்று அது அவருக்கும் மூடிற்று! விலக்கப்பட்டவரின் துன்பம் ஒருவகை. விலக்கப்பட்டவரோடு கைகோத்து நடப்பவரின் துன்பம் பிறிதொரு வகை.

அதே 1924 நவம்பரில் இந்நகரை நோக்கி இரு நடைப்பயணங்கள் புறப்பட்டன. வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒன்று. அன்று திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த நாஞ்சில் நாட்டிலிருந்து டாக்டர் எம்பெருமாள் நாயுடு தலைமையில் மற்றொன்று. வீதியில் நடக்கத் தடையேதும் இல்லாத மேற்சாதியினர், தடையுள்ளவர்க்காகப் பல நாள் நடந்து வந்து அரசியாரிடம் விண்ணப்பம் தந்தனர். 1925 பிப்ரவரியில் சட்டசபையில் அத்தீர்மானத்திற்கு ஆதரவாக 21 வாக்கு, எதிராக 22. ஒரே ஒரு வாக்கில் வீதி மூடிக் கிடந்தது. அவ்வாண்டு இறுதியில் கிழக்கு வீதி நீங்கலாக ஏனையவை திறந்தன. முழுமையான ஆலய நுழைவுக்கு 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இஃது நம் நாட்டுச் சாதிநோய், வெளிநாட்டார் நாகரிகமுடையோர் என்று எண்ணுவாரும் உளர். அமெரிக்க நாட்டின் கிழக்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து மெய்ன் வரை, பதினான்கு மாநிலங்களின் ஊடே, சற்றொப்ப 3,500 கிலோமீட்டர் நீளும் ஒரு மலைவழி உண்டு. அப்பலாச்சியன் நெடுவழி என்பது அதன் பெயர். 1937 இல் அவ்வழி முழுமை பெற்றது. அதற்குக் கதவில்லை, சீட்டில்லை. ஆயினும் அவ்வழி செல்லும் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில், கறுப்பினத்தார்க்கென லூயிஸ் மலை என்னுமிடத்தில் 1939 இல் தனி முகாம் அமைத்தனர். அப்பிரிவினை 1950 அளவில்தான் முற்றும் நீங்கியது.

அப்பூங்கா இருப்பது வர்ஜீனியா மாநிலத்தில். நெடுவழியின் ஏறக்குறையக் கால்பகுதி அம்மாநிலத்தில்தான் கிடக்கின்றது. அங்கே வெள்ளையரும் கறுப்பரும் மணந்து வாழ்வது சட்டப்படி குற்றம். ரிச்சர்டு லவ்விங் என்னும் வெள்ளையரும் மில்டிரெட் என்னும் கறுப்பின நங்கையும் 1958 இல் தலைநகர் வாஷிங்டனில் மணம் செய்து ஊர் திரும்பினர். நள்ளிரவில் காவலர் வீடு புகுந்து இருவரையும் கைது செய்தனர். இருபத்தைந்து ஆண்டுகள் இருவரும் சேர்ந்து அம்மாநிலத்தில் காலடி வைக்கலாகாது என்பது அவர்கள் மீது விதித்த நிபந்தனை. 1967 சூன் 12 இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தையே செல்லாததாக்கியது. அதுவரை, அத்தகைய தம்பதியர் அந்நெடுவழியில் நடக்கப் புகுந்தால், பாதையின் கால்பங்கு அவர்களைக் குற்றவாளிகளாக்கியிருக்கும். மற்றை முக்கால்பங்கும் அமைதியாக இருந்திருக்குமென்று எண்ண வேண்டா.

சட்டம் நீங்கியபின் அச்சமும் நீங்கிற்றா? 2016 இல் ரஹாவா ஹைலே என்னும் எழுத்தாளர், எரித்திரிய மரபினர், அந்நெடுவழியைத் தனியே நடந்து அடுத்த ஆண்டு அதனைக் கட்டுரையாக்கினார். கறுப்பின ஆசிரியர்களின் நூல்களைச் சுமந்து சென்று வழியிலுள்ள தங்குகுடில்களில் வைத்துச் சென்றார். நடை வல்லார் ஓர் அவுன்சு எடையையும் குறைக்கப் பாடுபடும் பாதையில் இவர் புத்தகம் சுமந்தார்! அவர் கூறுவதில் நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்று. மலைமேல் உடன் நடப்போரிடம் அவருக்குப் பெரும்பாலும் அன்பே கிடைத்தது. உணவு வாங்கவும் தங்கவும் இறங்கிய அடிவாரத்து ஊர்களிலேதான் மனம் நடுங்கிற்று. அங்கேதான் அடிமை முறைக்காகப் போரிட்டவர்களின் கொடி பறந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். 1,868 மீட்டர் உயர்ந்த அகத்தியர் கூடத்திற்குப் போனக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலையில் இரவு தங்கி, மறுநாள் முடியேறுகின்றோம். வழிகாட்டுவோர் காணிப் பழங்குடியினர். ஆரோக்கியப்பச்சை என்னும் மூலிகையின் ஆற்றலை 1987 இல் அறிவியலாளர்க்குக் காட்டியவர்களும் அவர்களே.  அதிருமலைக்கு மேல் பெண்கள் ஏறுதல் தங்கள் வழிபாட்டு மரபுக்கு மாறானது என்று அவர்கள் வருந்தினர். அவ்வருத்தத்தை நாம் எள்ளி நகையாடோம். எனினும், 2018 இல் உயர் நீதிமன்றம் தடையை நீக்க, 2019 சனவரியில் பெண்கள் ஏறத் தொடங்கியதை வரவேற்கின்றோம். 

சென்ற ஆண்டு நம் குழுவில் சென்ற பதின்மூவரில் ஒரு தம்பதியர் இருந்தனர். அவர் தென்காசிப் பக்கத்தவர். அம்மையார் மிசோரம் நாட்டவர், இந்நகரில் செவிலியர். முதல்நாள் இரவு தங்கப் பேசி வைத்திருந்த விடுதியில் மற்றவரிடம் பெயரை மட்டும் கேட்டனர். இவ்விருவரிடம் மணச் சான்று கேட்டனர். அம்மையாரிடம் கடவுச்சீட்டுக் கேட்டனர். ஆதார் அட்டையைக் காட்டினார். அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அறை இல்லை என்றனர். தொடர்வண்டி நிலையத்துச் சாளரத்தில் இருபது ஆண்டுகளாகச் சீட்டுக் கொடுக்கும் நமக்கு, போகும் ஊரைக் கேட்பதன்றிப் பிறந்த ஊரைக் கேட்கும் வழக்கமில்லை.

அப்போது நம் குழுவில் மூத்தவரான ஆச்சி, கட்டிய படுக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு, “அந்தப் பிள்ளைக்கு இல்லாத அறை எனக்கு எதுக்குய்யா?” என்று வெளியே நடந்தார்கள். பதின்மூவரும் அடுத்த ஊரில் உறவினர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கிடந்தோம். கொசுக்கடி சொல்லி முடியாது.

மறுநாள் மலையில் அம்மையார் நம் அனைவர்க்கும் முன்னே ஏறினார். மலைநாட்டில் பிறந்தவரல்லவா? முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நம் போன்றோரின் மூட்டையையும் வாங்கிக்கொண்டார். வழிகாட்டி வந்த காணி முதியவர் அவரிடம் கேட்ட ஒரே வினா, உங்கள் ஊரில் மூங்கிற்குருத்து உண்பீர்களா என்பது. உண்போம் என்றதும், சமைக்கும் முறை பற்றிய பேச்சு அதிருமலை வரை நீண்டது.

வடகிழக்கு மக்கள் நம் நாட்டிலேயே அயலாராக நடத்தப்படுவது புதிதன்று. 2014 இல் அருணாசலத்து இளைஞர் நிடோ தானியா தில்லியில் தாக்கப்பட்டு இறந்தபின், நடுவணரசு பெஸ்பரூவா குழுவை அமைத்தது. குழுக்கள் அறிக்கை தரலாம். விடுதி மேசையில் அமர்ந்திருப்பவர் அவ்வறிக்கையைப் படித்திருக்க மாட்டார்.

இவ்வாண்டு நடைக்கு அத்தம்பதியரைச் சேர்த்தால் மீண்டும் வம்பு வரும், ஓராண்டு பொறுக்கலாம் என்று பெரியவர் சிலர் நல்லெண்ணத்தோடு கூறுகின்றனர். பதினொருவர்க்குத் தூக்கம் கெட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. நாம் அதற்கு உடன்படவில்லை. இச்சங்கத்தில் உள்ள நம்மில் பலரும் ஒரு காலத்தில் பாண்டிக்காரர் என்று வாடகை வீடு மறுக்கப்பட்டவர்கள்தாமே! குழுவின் சார்பில் நாம் முன்வைப்பது இது: விடுதிக்கு முன்பணம் கொடுக்கும்போதே பதின்மூவர் பெயரையும் எழுதிக் கொடுத்து, அனைவர்க்கும் இடமுண்டா எனக் கேட்டு எழுத்தில் பெறுவது, இல்லையெனில் அங்கே ஒருவரும் தங்காதிருப்பது. திண்ணை தர அந்த உறவினர் மீண்டும் இசைந்துள்ளார். கொசுவலைக்கு மட்டும் சங்கம் பணம் ஒதுக்கவேண்டும். பொதுக்குழு இன்று மாலை ஐந்து மணிக்குக் கூடுகின்றது. தீர்மானத்தை ஆச்சி அவர்களே முன்மொழிவார்கள்.