ஐம்பத்தைந்தாவது நகர்த்தல்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சதுரங்கப் பலகையோடு போட்டிகளுக்குப் போய்வரும் பிள்ளைகளையும், அவர்களைக் கூட்டிப்போகும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இன்று ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான பதினான்காவது, கடைசி ஆட்டம். சென்னையின் குகேஷும் சீனாவின் டிங் லிரனும் ஆளுக்கு ஆறரைப் புள்ளி. டிரா ஆனால் மறுநாள் அதிவேக ஆட்டங்களில்தான் முடிவு. வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங் அதற்கே காத்திருந்தார் என்று தோன்றுகிறது. ஒரு சிப்பாய் போனாலும் பரவாயில்லையென்று காய்களை வெட்டிக் குறைத்துக்கொண்டே வந்தார். ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப், ஒரே பக்கத்தில் சில சிப்பாய்கள். பார்த்தவர்கள் டிரா என்றே எழுதிவிட்டார்கள்.

குகேஷ் மட்டும் எழுந்திருக்கவில்லை. நகர்த்தலுக்கு நகர்த்தல் எதிராளி யோசித்தே தீர வேண்டிய ஒன்றை முன்னால் வைத்தபடி ஆடினார்.

ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்கு இறக்கினார். யானைக்கு யானை வெட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம். ஆனால் அவருடைய பிஷப் ஏ8 என்ற மூலையில் கிடந்தது. யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். மூலையிலிருந்து வெளியே வர ஒரே குறுக்குப் பாதை. அதில் எங்கே நின்றாலும் வெட்டு. பிஷப்புகளும் போயின. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும்; குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஐம்பத்தெட்டாவது நகர்த்தலோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன். அதுவரை, சர்ச்சையின்றி ஏற்கப்பட்ட சாம்பியன்களில் 1985-இல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவ்தான் இளையவர்.

டிங் தவறினார், அதனால் குகேஷ் ஜெயித்தார் என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிங் சாதாரண ஆட்டக்காரர் அல்ல. 2023-இல் நெப்போம்நியாச்சியை வென்று பட்டம் பிடித்தவர். இதே போட்டியின் பன்னிரண்டாவது ஆட்டத்தில் குகேஷை அடித்து நொறுக்கியவர். அப்படிப்பட்டவரையே தடுமாற வைத்தது அந்த நெடுநேரப் பிடிவாதம்தான். டிரா என்று கைகுலுக்கியிருந்தால் அந்தத் தவறு நடக்க வாய்ப்பே இருந்திருக்காது.

பிள்ளைகளே, ஐம்பத்தைந்தாவது நகர்த்தலுக்கு முந்தைய நிலையைப் பலகையில் அடுக்குங்கள். ஒருவர் வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். யானையை எஃப்2-க்குக் கொண்டுபோகாமல் எத்தனை நகர்த்தல் தாக்குப்பிடிக்க முடிகிறதென்று ஆடிப் பாருங்கள். பிறகு பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.